சோள ஆலைக்குப் பின்னாலை புதன்கிழமை

வங்கித் தொழிலிலை இருக்கிறவைக்கு மரியாதை கிடைக்கிறது கடன் குடுக்கிற நாளிலை மட்டும்தான். மிச்ச நாளெல்லாம் பேச்சு வாங்கிறதுக்குத்தான் சம்பளம். நான் வெம்பிளியிலை ஒரு சாறிக் கடைக்கு மேல்மாடியிலை இருந்துகொண்டு, மலாவி நாட்டுக் கிராமமொண்டிலை இருந்த சின்னக் கடன் வங்கியை எட்டு வருஷம் பார்த்தனான். பார்த்தனான் எண்டால், அங்கை பிரி எண்ட மனிசர் கிளையை நடத்த, நான் இஞ்சையிருந்து அவருக்கு ஈமெயிலாலை கரைச்சல் குடுத்தனான். கந்தோர், ஆபீஸ் எண்ட ஒண்டுக்குள்ளை தலையைக் குடுத்த உங்களுக்கு இது புதுசாயிராது. உங்களோடை சேர்ந்து அழத்தான் இதை எழுதுறன்.

ஒரு விஷயத்தை முதலிலையே சொல்லிப்போடுறன். அங்கை கடன் வாங்கிறவையிட்டைக் காணி உறுதி, நகை ஒண்டும் இல்லை. அஞ்சு பொம்பிளையள் ஒரு குழு. ஒருத்தி கட்டாட்டில் மற்ற நாலு பேரும் கட்டவேணும். ஒவ்வொரு புதன்கிழமையும் சோள ஆலைக்குப் பின்னாலை எல்லாரும் கூடுவினம். கட்டுக்காசு குடுக்கிறது அரை மணித்தியாலம், ஊர்க்கதை ரண்டரை மணித்தியாலம். அந்த வங்கி ஓடினது அந்தக் கதையாலைதான் எண்டு எனக்கு அப்ப தெரியாது.

ஒரு ஆடு

எங்கட லண்டன் மேலாளர் ராகவன், சென்னைக்காரர். கெட்டிக்காரன், அதிலை குறை சொல்ல ஏலாது. கம்பியூட்டரிலை கட்டம் போட்டு நிரப்பாட்டில் மனிசனுக்குச் சோறு இறங்காது. வங்கி தொடங்கின புதுசிலை, ஆடு வாங்கவெண்டு கடன் எடுத்த பதினொரு பேரும் உண்மையிலை ஆடு வாங்கினவையோ எண்டு படம் கேட்டார். பிரி பதினொரு படம் அனுப்பினார்.

நான் வடிவாப் பார்த்தன். பொம்பிளையள் பதினொருத்தரும் வேற வேற, ஆடு ஒண்டுதான். இடது காதிலை அதே கிழிசல், அதே முழி. ஏழாவது படத்திலை அதுக்கே அலுத்துப்போய் முகத்தை மற்றப் பக்கம் திருப்பீட்டுது. ராகவன் உடனை போன் எடுக்கச் சொன்னார். பிரி கொஞ்சமும் பதறேல்லை. அவர் இங்கிலீசிலை சொன்னதை என்ர தமிழிலை தாறன்: "மற்ற ஆடெல்லாம் மேயப் போயிட்டுது மேடம். வீட்டிலை நிண்டது இது ஒண்டுதான்."

கழுத்து அட்டை

நல்லா ஓடின காலம் அது. குழுக்கள் கூடிக்கொண்டே போக, லண்டனிலை காசு போட்டவை சந்தோசப் புளுகத்திலை என்னையும் ஒருக்கா அங்கை அனுப்பிவைச்சினம். சோள ஆலைக்குப் பின்னாலை என்னைப் பாயிலை இருத்தினது எஸ்தர் எண்டவ. சந்தையிலை தக்காளி விக்கிறவ. வீட்டுக்குப் புல்லுக் கூரை. மழை வந்தால் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை திரிவாவாம். கூரைக்கு இருபது தகரம் வாங்கவேணும் எண்டு கிழமைக்குக் கிழமை எங்களிட்டைச் சேமிச்சுக்கொண்டிருந்தா. புத்தகத்திலை பதியேக்கை எவ்வளவு காசு எண்டு கேக்கமாட்டா. இதோடை எத்தினை தகரம் எண்டுதான் கேப்பா.

நானும் சும்மா இருக்கேல்லை. வெம்பிளியிலை என்ர வீட்டிலை பன்ரண்டு பேர் மாதம் மாதம் கூடிச் சீட்டுக் கட்டுறம், ஒவ்வொரு மாதமும் ஒராள் மொத்தக் காசையும் எடுக்கிறது எண்டு பெருமையடிச்சன். பிரி மொழிபெயர்க்க எஸ்தர் சிரிச்சா. வங்கி வர முதலே தாங்களும் அதைத்தான் செய்தவையாம். பிறகு என்ர கழுத்திலை தொங்கின வங்கி அடையாள அட்டையை மேலையும் கீழையும் பார்த்திட்டுச் சொன்னா: "அப்ப நீங்களும் எங்களை மாதிரி ஆள்தான். பேந்தென்னத்துக்குக் கழுத்திலை அந்த அட்டை?"

நான் எழுதின கடிதம்

ராகவனுக்கு ஒருநாள் மூளை வேலை செய்தது. அதுதான் எல்லாத்துக்கும் கேடு. "மீட்டிங்ல கலெக்‌ஷன் அரை மணி நேரம்தான் நடக்குது, மிச்சமெல்லாம் அரட்டை. அதுக்கு ரெண்டு ஆபீசர், மோட்டார் சைக்கிள், பெட்ரோல். எல்லாரும் போன்லயே கட்டிடலாமே?" எண்டார். கணக்குப்படி மிச்சப்படுறதும் நல்லாத்தான் இருந்தது.

நான் மறுத்தனானோ? மறுக்கிற மூஞ்சியே எனக்கு? பதவி உயர்வு வரப்போகுது எண்ட நினைப்பிலை, இனிக் கூட்டம் தேவையில்லை எண்ட கடிதத்தை நானே வலு வடிவா எழுதி அனுப்பினன். இப்பவும் நினைச்சால் வெக்கமாக் கிடக்கு. பிரி வாசிச்சிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "சரி மேடம். புதன்கிழமையிலை அவை பின்னை எங்கை போறது?"

ரோல்ஸ்

அந்தச் சூட்டோடை என்ர வீட்டுச் சீட்டையும் திருத்த வெளிக்கிட்டன். இனி ஒருத்தரும் குளிருக்குள்ளை வரத் தேவையில்லை, காசை என்ர கணக்குக்கு அனுப்பினாப் போதும் எண்டு வாட்ஸப்பிலை போட்டன். பத்து வருஷமா ஒருநாளும் பிந்தாத சனம், அடுத்த மாதமே பாதிப் பேர் பிந்தினவை. ஒருத்தர் மறந்துபோனாராம், ஒருத்தர் நாளைக்கு அனுப்புறாராம், இன்னொருத்தர் வெறும் கைகூப்பிற படம் மட்டும் போட்டார்.

பக்கத்துத் தெருப் பரமேஸ் அக்கா ஒரு சதமும் அனுப்பேல்லை. போன் எடுத்துக் கேட்டால் மனிசி அசையேல்லை. "நான் உன்ர மீன் ரோல்ஸுக்கும் நாலு ஆக்களைக் காணவும்தானடி சீட்டுக் கட்டினனான். காசு சேர்க்கிறதெண்டால் எனக்குப் பேங்க் கிடக்குத்தானே."

பத்தொன்பது தகரம்

வீட்டுச் சீட்டை ரோல்ஸோடை நான் அடுத்த மாதமே திரும்பத் தொடங்கீட்டன். மலாவியிலையும் கூட்டத்தைத் தொடங்கவேணும் எண்ட புத்தி மட்டும் வரேல்லை. அங்கை ஆர் கட்டினது, ஆர் கட்டேல்லை எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல், ஒருத்தி விட மற்றவளும் விட்டாள். போனுக்கு முகத்தைக் காட்ட ஆர் வெக்கப்படுவினம்? ரண்டு வருஷத்திலை கட்டுக்காசு வத்திப்போச்சு. காசு போட்டவை வங்கியை மூடச் சொல்லிச்சினம்.

அப்பதான் நான் சேமிப்புக் கணக்குகளை எடுத்துப் பார்த்தன். சேமிச்சவையின்ர காசெல்லாம் கடனாய் வெளியிலை நிண்டது. கடன் திரும்பி வந்தால்தான் அவைக்குக் காசு, வராட்டில் எஸ்தருக்குத் தகரம் இல்லை. அவவின்ர புத்தகத்திலை பத்தொன்பது தகரத்துக்குச் சேர்ந்திட்டுது, மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் கிடந்தது. கடன்காரர் எல்லாருக்கும் போனிலை ஒரு நினைவூட்டல் அனுப்புவம் எண்டார் ராகவன். எனக்குக் கெட்ட கோவம் வந்தது. கடைசியா ஒரு புதன்கிழமை கூட்டம் வைக்கவேணும், இல்லாட்டில் நான் வேலையை விட்டிட்டுப் போறன் எண்டன். ராகவன் மெல்லமாச் சொன்னார்: "நாம வங்கியையே மூடறோம். நீங்க எந்த வேலையை விடப் போறீங்க?"

கடைசிப் புதன்

எண்டாலும் மனிசன் பெட்ரோலுக்குக் காசு விட்டார். பிரி ஒரு கிழமைக்கு முன்னமே, புதன்கிழமை வழமைபோலை கூட்டம் எண்டு ஆலைச் சுவரிலை எழுதிப்போட்டார். அண்டைக்கு நான் லீவு எடுத்துக்கொண்டு ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனன். அர்ச்சனை ஆரின்ர பேருக்கு எண்டு ஐயர் கேக்க, "எஸ்தர்" எண்டன். நட்சத்திரம் தெரியாது எண்டும் சொன்னன். ஐயர் ஒரு பார்வை பார்த்திட்டு மந்திரத்தைத் தொடங்கினார்.

வெளியிலை வந்து சப்பாத்தைப் போடேக்கை பிரி அழைச்சார். எல்லாரும் வந்தவையாம். ரண்டு வருஷமா பிரியின்ர போனை எடுக்காதவையும், மற்ற நாலு பேருக்கு முன்னாலை வெறுங்கையோடை இருக்க ஏலாமல், கோழி வித்து, ஆடு வித்துக் கொண்டுவந்தவையாம். காது கிழிஞ்ச அந்த ஆடும் வித்துப்போச்சாம். முழுக் கடனும் வரேல்லை, ஆனால் சேமிச்சவைக்குக் குடுக்கப் போதுமாயிருந்தது. நட்டம் லண்டனிலை காசு போட்டவைக்குத்தான். அவையின்ர கூரை ஒழுகாது. நான் கோயில் வாசலிலை நிண்டு அழுதன்.

எஸ்தரும் கதைச்சா. இருபதாவது தகரம் இல்லையாம், பரவாயில்லையாம், குசினிப் பக்கம் இன்னுமொரு மழை தாங்குமாம். கூட்டத்தை நிப்பாட்டின கடிதத்தை எழுதினது நான்தான் எண்டு சொல்லி மன்னிப்புக் கேட்டன். அதுக்கு அவ சொன்னதைப் பிரி சிரிச்சுச் சிரிச்சு மொழிபெயர்த்தார்: "நாங்கள் எங்கட பழைய சீட்டுக்கே திரும்பிப் போறம், புதன்கிழமை, இதே இடம். உங்களுக்கும் வேலை போச்சாமே, நீங்களும் சேருங்கோ. ஆனால் போனிலை அனுப்புற கதை வேண்டாம், நேரை வரவேணும்."

எட்டு வருஷ வங்கி அனுபவத்திலை நான் படிச்சது, அந்த மூண்டு மணித்தியாலக் கூட்டத்திலை வீணாப் போனது நாங்கள் காசு எண்ணின அரை மணித்தியாலம்தான் எண்டது.