கூடுதலாக ஒரு விரல்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை முட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடைகாக்கும் பெட்டியிலிருந்து கோழிமுட்டையை எடுத்து, ஓட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, உள்ளே கருவின் சிறகு முளைக்கும் இடத்தில் கடுகைவிடப் பொடியான மணி ஒன்றை வைத்து மூட வேண்டும். பதினெட்டு வருடமாக இதுதான் அவள் வேலை. கை நடுங்கினால் கரு போய்விடும். அவளுக்கு நடுங்கியதில்லை.

மணியில் ஊறியிருப்பது ஒரு புரதம். கருவில் சில செல்கள் அதைச் சுரந்து வெளியே விடும். அக்கம்பக்கத்துச் செல்கள், தங்களிடம் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்து எந்த விரலாக வளர்வது என்று முடிவெடுக்கும். கோழிச் சிறகில் மூன்று விரல். புரத மணியை முன்விளிம்பில் வைத்தால் கூடுதலாக முளைக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில முட்டைகளில் வைக்கும், வெறும் உப்புநீரில் ஊறிய மணியால் ஒன்றும் ஆகக்கூடாது.

ஒரு தடவை ஆகிவிட்டது. உப்புநீர் மணி வைத்த பன்னிரண்டு கருக்களில் ஏழுக்கு ஒரு விரல் அதிகம். ஆய்வாளர் அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மணி வைக்கும்போது காயம் பட்டாலே செல்கள் புரதத்தைச் சுரக்கின்றன என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

முட்டையக்காவுக்கு உறுத்தியது. அந்த வாரம் ஒரு இடுக்கியின் முனை வளைந்துபோனதால், இரண்டு வகை மணிகளையும் ஒரே இடுக்கியால்தான் எடுத்திருந்தாள். நடுவில் சரியாகக் கழுவினாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. பஸ் ஓட்டும் கணவரிடம் சொன்னாள். யாரும் கேட்காதபோது நீயாக ஏன் வாயைக் கொடுக்கிறாய் என்றார் அவர். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் ஆய்வாளரின் அறைக்குப் போனாள்.

“மேடம், அது காயத்தால வந்த விரல் இல்லன்னு நினைக்கிறேன். என் இடுக்கியில ஒட்டியிருந்த புரதத்தால வந்திருக்கும்.”

“முதல்லயே ஏன் சொல்லலக்கா?”

“பயமா இருந்துச்சு.”

தனித்தனி இடுக்கிகளோடு, புதிதாக நாற்பது முட்டைகளில் சோதனையை மறுபடி செய்தாள். உப்புநீர் மணி வைத்தவற்றில் எல்லாமே மூன்று விரல். கட்டுரை நின்றது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது; அதை வீட்டில் காட்டவில்லை. ஆய்வாளர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒருநாள் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இடுக்கி முனையில் ஒட்டியது எவ்வளவு இருந்திருக்கும், அது ஒரு முழு விரலுக்குப் போதுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை, புரதத்தை நூறில் ஒரு பங்காக நீர்க்கவைத்து முதல் முட்டையைத் திறந்தார்கள்.