மதினி வாசலில் இருந்த நீல டிரம்

காலி டிரம்மின் அடியில் மக் உரசும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் ஓடிப்போய் என் வீட்டு டிரம்மைத் திறந்து பார்ப்பேன். இதற்குப் போய் இப்படியா என்று என் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

அந்த நீல டிரம், சிவகாசிப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில், பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும் அறையின் வாசலில் இருந்தது. உள்ளே வேலை பார்த்தது என் மதினி, அண்ணன் மனைவி. நான் அடுத்த அறையில் பெட்டி ஒட்டினேன். தீப்பிடித்தால் அணைப்பதற்காக டிரம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வருஷங்களில் எங்கள் ஊர்க் குழாயைத் தனியார் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை வந்த தண்ணீர், அவருடைய லாரியில் மட்டும் தினம் இரண்டு வேளை வந்தது. குடத்துக்கு விலை ஏற ஏற அவர் வீட்டுக்கு மாடியும் ஏறியது. கேட்கத்தான் நாதியில்லை. கூலியில் பாதி தண்ணீருக்கே போனது. அதனால் சாயங்காலம் வேன் ஏறும்முன் பெண்கள் எல்லோரும் டிரம்மில் ஆளுக்கொரு கேன் பிடித்துக்கொள்வோம். ஃபோர்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். காலையில் கம்பெனிக்கு அதே ஆளின் லாரி வந்து நிரப்பிவிடும் என்ற தைரியம். மதினி மட்டும் எடுக்கமாட்டார். "ஏ புள்ள, பாதியாவது விட்டு வையி, பயமா இருக்கு" என்பார்.

தீபாவளி சீசனில் ஒருநாள் நான் இரண்டு கேன் பிடித்தேன். வீட்டில் விருந்தாளி. மறுநாள் காலை லாரி வரவில்லை. கூடுதல் விலை கொடுத்த வேறு இடத்துக்கு லோடு போய்விட்டது. பத்து மணிக்கு மதினியின் சேலையில் தீப்பொறி விழுந்தது. எரிந்தபடியே வெளியே ஓடிவந்தார். நான் ஓடிப்போய் டிரம்முக்குள் மக்கை விட்டேன். மக் அடியில் உரசியது.

மதுரை ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தார். மூன்றாம் நாள் என்னைக் குனியச் சொன்னார். "தண்ணி எடுத்தது நாந்தான்னு சொல்லிரு. ஒன்னைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டா எம்புள்ளைகளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

விசாரிக்க வந்தவர்களிடம் அப்படியே சொன்னேன். அதையே சாக்காக வைத்து, நஷ்டஈடு கிடையாது என்று முதலாளி கையை விரித்தார். லாரி ஏன் வரவில்லை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வெளியூரில் கிடந்த அண்ணனிடமிருந்து காசு வந்ததில்லை; பிள்ளைகளை நான்தான் வளர்த்தேன். ஆனாலும் நான் செய்தது பாவம்.

இப்போது என் வீட்டு டிரம்மைத் ததும்பத் ததும்ப வைத்திருக்கிறேன், என்ன விலையானாலும். மதினி இறந்த நாளில் வருஷந்தோறும் அண்ணன் வருவார். மக்கில் முகந்து கொடுப்பேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொல்வார்: "அவதான் புத்தியில்லாம எடுத்தா. கூடவே இருந்த நீயாச்சும் தடுத்திருக்கக் கூடாதா?"