கரிக்கட்டையும் குட்டி நிலாவும்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஃபோன் வந்தால் எங்கள் கே.கே. நகர் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டேதான் பேசுவேன். வினை அங்கேதான் வந்தது.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் வானியல் பற்றிப் பேச வேண்டியிருந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் ஒரு சிறுகோள். பெயர்தான் சிறுகோள், ஆள் பெரிசு. அதற்கு ஒரு குட்டி நிலாவும் உண்டு. கூட வேலை பார்க்கும் டீச்சரிடம் ஃபோனில் உற்சாகமாக அளந்துகொண்டிருந்தேன். “நல்லாப் பெருசு டீச்சர். ஆனா கரிக்கட்டைக் கறுப்பு, லேசுல கண்ணுல படாது. கூடவே குட்டி ஒண்ணு விடாமச் சுத்திக்கிட்டே கெடக்கு.”

மறுநாளிலிருந்து கீழ்வீட்டுக்காரி என்னிடம் பேசவில்லை. நல்ல உயரம், நல்ல பருமன், நல்ல கறுப்பு. நாலு வயது மகள் அவள் சேலையைப் பிடித்தபடியேதான் நடக்கும். எனக்கென்று இங்கே இருந்த ஒரே சிநேகிதி அவள். பரவை காய்கறி மார்க்கெட்டுக்கு என் வண்டியில்தான் வருவாள். அந்த வாரம் ஷேர் ஆட்டோவில் போனாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவைத்ததையே துவைத்தேன். உப்புப் போட்ட குழம்பில் மறுபடி உப்பைப் போட்டேன். என்ன தப்புச் செய்தோம் என்று நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அந்தக் குழந்தைதான் படியில் மறித்துக் கேட்டது. “பெரியம்மா, எங்கம்மா கரிக்கட்டையா?”

தூக்கிவாரிப் போட்டது. படிக்குக் கீழேதான் அவர்கள் வாசல். செல்லோடு ஓடிப்போய், சிறுகோள் படத்தைக் காட்டி, மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கல்லச் சொன்னீகளாக்கும்! நான் ஒரு கூறுகெட்டவ. சின்னப்புள்ளையிலருந்து அந்தப் பேரக் கேட்டுக் கேட்டு, யாரு சொன்னாலும் என்னயத்தான்னு தோணிருது. மனசுல வச்சுக்கிறாதீக அக்கா. நாளைக்கு மார்க்கெட்டுக்கு வாரேன்.”

மாடிக்கு வந்த பிறகும் உட்கார முடியவில்லை. கரிக்கட்டை என்ற வார்த்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தச் சிறுகோளைப் பற்றி முதலில் படித்தபோது, இவளும் மகளும் வாசலில் நிற்பதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தனியாகச் சிரித்தேன். வார்த்தை அங்கிருந்து வந்ததுதான்.

மறுநாள் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தாள், நடுவில் குழந்தை. பரவை வரும்வரை சைடு கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.