கையசைத்தால் வருவாள்

கும்மிடிப்பூண்டியில் கம்பி தயாரிக்கும் ரோலிங் மில்லில் எனக்கு வேலை. இரைச்சலில் அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. வா, நிறுத்து, சாப்பாடு எல்லாமே கைச்சாடைதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. இரண்டு வயது மகளைக் கையசைத்துத்தான் கூப்பிடுவேன், ஓடி வருவாள். வாயருகே விரல்களைக் குவித்தால் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள். கெட்டிக்காரி என்று மில்லெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

"பின்னாலேர்ந்து எவ்ளோ கூப்ட்டாலும் திரும்ப மாட்டேன்றா, பேச்சும் வரல. டாக்டராண்ட காட்டலாம்யா" என்று மனைவி பல தடவை சொன்னாள்.

"நான் கூப்ட்டா வர்றா இல்ல? உன்ன மதிக்கல, அவ்ளோதான். பெத்த கொயந்தய செவிடுன்றியே, இன்னா பொம்பள நீ?" என்று எரிந்து விழுந்தேன். பேச்சு வர வேண்டிய ஒரு வருடம் என் வாய்க்கொழுப்பில் போயிற்று.

மூன்று வயதில்தான் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். பொம்மையோடு உட்கார்ந்திருந்த மகளுக்குப் பின்னால் எங்களை உட்காரவைத்து, "கையை மடியிலேயே வச்சுக்கிட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார் பரிசோதிக்கும் அம்மா. கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மகள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

என் கை தானாக மேலே எழுந்தது. மனைவி அதைப் பிடித்து மடியோடு அழுத்தினாள்.