பெட்டியைக் கொடுத்தவர்கள்

என் தங்கை புருஷன் ஆம்புலன்ஸ் டிரைவர். நோயாளியை ஏற்றும் வண்டி அல்ல. தானமாகக் கிடைத்த உறுப்பை ஐஸ் பெட்டியில் வைத்து ஊர் விட்டு ஊர் கொண்டுவரும் வண்டி. அவருக்கு நான் வைத்த பெயர் சைரன். சாப்பாடு ஒரு நிமிடம் தாமதமானாலும் அலறுவார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெட்டியைக் கொடுத்ததும் வீட்டுக்கு வந்து குப்புற விழுந்து தூங்கிவிடுவார்.

"யாருக்கு வச்சாங்க? பொழைச்சாங்களா?" என்று தங்கை கேட்பாள்.

"கொடுத்தேன், வந்தேன். அதுக்கு மேல கேட்டா நாளைக்கு வண்டி ஓட்ட முடியாது."

கல்நெஞ்சக்காரர் என்று அவர் காதுபடவே திட்டியிருக்கிறேன்.

இப்போது தங்கைக்கே ஈரல் கெட்டு, அதே தியேட்டருக்குள் படுத்திருந்தாள். தானமாகக் கிடைத்த ஈரலைக் கொண்டுவர, சொந்தக்காரர் ஓட்டக் கூடாதென்று அவரோடு வண்டி ஓட்டும் கூட்டாளியை அனுப்பியிருந்தார்கள். நாங்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் கிடந்தோம். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

பாலத்தில் லாரி கவிழ்ந்ததால் கூட்டாளியின் வண்டி சுற்றிக்கொண்டு வருவதாக போன் வந்தது. அவர் முகம் செத்துவிட்டது.

"ஐஸ்ல கெடக்கக் கெடக்க ஈரல் சோர்ந்து போகும்க்கா. உள்ள வச்சப்புறம் வேலை செய்யாம அடம் பிடிக்கும்."

வெகுநேரம் கழித்துக் கூட்டாளி பெட்டியோடு ஓடி வந்தார். எங்களைப் பார்க்காமலே அதை உள்ளே கொடுத்துவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தார். சைரன் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தார்.

"போகாத. இரு."

"கொடுத்தமா வந்தமான்னு இருக்கணும்னு நீங்கதானண்ணே சொல்லுவீங்க?"

"சொன்னேன். இன்னிக்கு இருடா."

கூட்டாளி உட்கார்ந்தார். "சுத்தி வந்ததுல நேரமாயிடுச்சுண்ணே," என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டு, இவர் தோளிலேயே தூங்கிப்போனார். பாவம், எத்தனை மணி நேரம் ஓட்டினாரோ.

ஒருவழியாக டாக்டர் வந்தார்.

"ரொம்ப நேரம் ஐஸ்ல இருந்ததால ஈரல் வேலையை ஆரம்பிக்கவே இல்ல. பயந்துட்டோம். இப்பப் பித்தம் சுரக்குது. இன்னும் சில நாள் கவனமாப் பாக்கணும். ஆனா நம்பலாம்."

சைரன் முதல் வேலையாகத் தோளில் கிடந்தவரை உலுக்கினார்.

"டேய், எழுந்திரு. நீ கொண்டாந்தது வேலை செய்யுதுடா."

கூட்டாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அண்ணே, இதுக்கு முன்னாடி நாம கொண்டாந்ததெல்லாம்?"

சைரன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.