ரயில் மரம்

எங்கள் தென்னந்தோப்பில் ஒரு ரயில் மரம் இருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் ஏதோ சீமை ரகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு காய்க்கும் என்றுகூட ஒருவர் கேட்டார். தோப்பின் மூலையில், வாய்க்காலுக்கு எட்டாத இடத்தில், மற்ற மரங்களோடு சேராமல் நின்ற சாதாரண நாட்டுத் தென்னைதான் அது. அக்காவைப் பட்டணத்திலிருந்து லீவுக்கு வீட்டுக்குக் கூட்டிவரும் பொறுப்பை அப்பா அந்த மரத்திடம் ஒப்படைத்திருந்தார். அதனால் அந்தப் பெயர்.

அப்போது எங்கள் கோச்சடை மதுரையோடு ஒட்டாத தனி ஊர். எங்கள் தோப்புக்கும் வைகைக்கும் நடுவில் வயல்தான் இருந்தது. அக்காவும் நானும் டவுனில் மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு மாட்டு வண்டியில் போய்வந்தோம். அவள் பெரிய வகுப்பு, நான் சின்ன வகுப்பு. ஊரில் வேறு எந்த வீட்டுப் பெண்ணும் அவ்வளவு தூரம் படிக்கப் போகவில்லை என்பதில் அப்பாவுக்குப் பெருமையும் பயமும் சரிபாதியாக இருந்தன.

வண்டியோட்டி எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. அலங்காநல்லூர்ப் பக்கம் அவர்கள் ஊர். அவர் விடலையாக இருந்தபோதே தாய் தகப்பன் போய்விட, அம்மா கூட்டிவந்து எங்களோடு வைத்துக்கொண்டாள். எங்கள் வயலையும் மாடுகளையும் அவர்தான் பார்த்தார். என் காதிலிருந்து காலணா எடுப்பார், விழுங்கிவிட்டு முழங்காலிலிருந்து திரும்ப எடுப்பார். அக்கா அவருக்குத்தான் என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் உரிமை என்றால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பெண்டாட்டியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற முதல் ஆம்பளை என்று வழியில் ஆட்கள் கேலி செய்வார்கள். மாமா சிரித்துக்கொண்டே மாட்டைத் தட்டுவார்.

போகிற வழியெல்லாம் அக்கா பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாள். மாமா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்வார். மேட்டில் மாடு முரண்டு பிடித்தால், "ஏய், ஒனக்கு ஆக்சிஜன் பத்தலையா? நடடா" என்பார். அக்கா புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எனக்கு அந்த வண்டியைவிட நல்ல இடம் உலகத்தில் இருந்ததில்லை. இப்போதும் இல்லை.

அக்கா பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் தேறினாள். சும்மா தேறவில்லை, பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக. அவளுடைய டீச்சரம்மா வெள்ளைக் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அக்காவை மேலே படிக்கவைக்க வேண்டும், அவளுக்கு டாக்டராகிற அளவுக்கு மூளை இருக்கிறது என்றார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கு அதைவிட வேறு ஆசையே கிடையாது என்பது அந்தப் பிடியிலேயே எனக்குத் தெரிந்தது.

இரண்டு வழி இருக்கிறது என்றார் டீச்சரம்மா. மதுரையிலேயே காலேஜ் உண்டு, செலவு குறைவு, ஆனால் பையன்கள் படிக்கிற இடம். பட்டணத்தில் பெண்களுக்கென்றே காலேஜ் உண்டு, ஆஸ்டலும் உண்டு, செலவு அதிகம். பையன்கள் என்ற சொல் விழுந்ததுமே, வீட்டுக்குப் பெரியவரான பெரியப்பா துண்டை உதறி எழுந்து நின்றார். அதோடு மதுரை காலேஜ் முடிந்துபோனது.

பட்டணத்துக்கு எவ்வளவு ஆகும் என்று டீச்சரம்மா ரூபாயில் சொல்ல ஆரம்பித்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இம்புட்டு ரூவான்னு சொன்னா எனக்குப் பிடிபடாது டீச்சரம்மா. தோப்புக்கு வாங்க. மரத்துல சொல்லுங்க."

பாவம், அந்த அம்மாள் குடையை விரித்துக்கொண்டு தோப்பு முழுக்க அப்பா பின்னால் நடந்தார். வடக்கு வரிசை அக்காவின் சாப்பாட்டுக்கு. கிணற்றை ஒட்டி நின்றவை காலேஜுக்குக் கட்டுகிற சம்பளத்துக்கு. வேலியோரத்து இளமரங்கள் புத்தகத்துக்கு. மாடு விற்கிறவர் மாதிரி அப்பா ஒவ்வொரு மரத்தையும் தட்டித் தட்டிப் பேசினார். தலைக்கு எண்ணெய்ச் செலவு என்று டீச்சரம்மா ஞாபகப்படுத்தியபோது, பின்னாலேயே வந்த அம்மா குறுக்கே புகுந்தாள். "அதுக்கு எதுக்குத் தனி மரம்? தேங்காய ஆட்டிக் குடுத்துவிட்டாப் போச்சு." கடைசியில் லீவுக்கு வந்துபோகிற ரயில் செலவுதான் மிச்சம். நல்ல மரமெல்லாம் தீர்ந்திருந்தது. அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூலையில் நின்ற அந்தச் சோப்ளாங்கி மரத்தைக் காட்டினார்.

மரக் கணக்கு சரியாகிவிட்டது. மாமன் கணக்குதான் இடித்தது. உரிமைக்காரன் வீட்டிலேயே இருக்கும்போது பெண்ணைப் பட்டணத்துக்கு அனுப்புவதா, நாளைக்கு அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று பெரியப்பா கேட்டார். அப்பாவுக்கு அக்காவை அனுப்ப ஆசை. மாமாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தைரியம் இல்லை. மாமாவையே கேட்டார்கள். அவர் வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். "பெரியவங்க என்ன சொன்னாலும் சரி" என்றார். அதை வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

சாமியிடம் கேட்டுவிடுவது என்று பெரியப்பா தீர்த்தார். சிக்கலான காரியம் என்றால் எங்கள் ஊர் அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வாழையிலைத் துண்டில் ஒரு நிறப் பூவை வைத்து ஒரு பொட்டலம், வேறு நிறத்தில் இன்னொன்று. இரண்டையும் சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் சாமியின் வாக்கு. அதற்கு அப்பீல் இல்லை. வெள்ளை அரளி வந்தால் படிப்பு, சிவப்பு அரளி வந்தால் கல்யாணம் என்று வைத்துக்கொண்டார்கள். எடுக்கிற பிள்ளை நான். வழக்கமாகப் பொட்டலம் கட்டுவது பூசாரி. பெரியப்பா அதிலும் ஒரு திருத்தம் சொன்னார். "உரிமைக்காரனே கட்டட்டும். பின்னால ஒரு பேச்சு வரப்படாது பாரு."

அன்று காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே அக்கா அழுதாள். "மாமா கட்டுனா ரெண்டுலயும் செவப்பத்தான்மா வெப்பாரு."

"என் தம்பி அப்பிடிச் செய்ய மாட்டான்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "செஞ்சாலும் அவனக் குத்தம் சொல்ல முடியுமாத்தா?" என்றாள்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். நான் வேண்டிக்கொண்டதே சிவப்புக்காகத்தான். அக்கா டாக்டராகட்டும் ஆகாமல் போகட்டும், அவள் என் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும், நான் பயந்தால் அவள் சேலைத் தலைப்பு என் கைக்கு எட்ட வேண்டும். மாமா அவளைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேரும் என்றைக்கும் எங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். இதைவிட நல்ல ஏற்பாட்டை அய்யனாரால்கூடச் செய்ய முடியாது என்று நினைத்தேன்.

பூசாரி கற்பூரம் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி ஒரு பொட்டலத்தை எடுத்தேன். பெரியப்பா வாழைநாரைப் பிரித்தார். வெள்ளை.

நான் ஓவென்று அழுதேன். அருள் வந்துவிட்டது என்று யாரோ திருநீறு பூசினார்கள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், பெரியப்பா தரையில் விழுந்து கும்பிட்டார். அக்கா மட்டும் சாமியையும் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை. மாமா எங்கே என்று தேடினாள். அவர் மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது முறை.

அழுதுகொண்டே அவர் பின்னால் ஓடினேன். வைகையில் மணல்தான் அதிகம், நடுவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. அவர் குனிந்து பொட்டலத்தை விட்டார். அந்தச் சிவப்புப் பூவையாவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. தண்ணீரில் விழுந்து அதைப் பிடித்துப் பிரித்துவிட்டேன்.

"மாமா, இதுலயும் வெள்ளைதான் இருக்கு!"

மாமா என்னையும் பூவையும் பார்த்தார். பிறகு என் பாவாடையைப் பிழிந்துவிட்டுக்கொண்டே சொன்னார். "வைகத் தண்ணி பட்டுச்சுல்ல, அதான் வெளுத்துருச்சு. யார்ட்டயும் சொல்லாத, என்ன?"

காதிலிருந்து காலணா எடுக்கிறவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. வீட்டில் ஒரு செம்புத் தண்ணீரில் சிவப்பு அரளியைப் போட்டுவைத்தேன். அது அழுகியதே தவிர வெளுக்கவில்லை. போய்ச் சண்டை பிடித்தேன். "கெணத்துத் தண்ணிக்கு அம்புட்டு சத்து கெடையாது" என்றார்.

யாரிடமும் சொல்லாதே என்றதால் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வைகைத் தண்ணீரின் மகிமையை நான் விலாவாரியாகச் சொல்லி முடித்தபோது, மடித்த சேலை ஒன்றை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஆச்சரியம் தாங்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அன்று அவள் சாப்பிடவில்லை.

புறப்படுகிற நாளில் மாமாதான் வண்டி ஓட்டினார். அக்கா எப்போதும்போல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கையில் புத்தகம் இல்லை. மாட்டோடும் யாரும் பேசவில்லை. ஸ்டேஷனில் பெட்டியையும் படுக்கையையும் இறக்கிக் கொடுத்துவிட்டு, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மாமா வெளியிலேயே நின்றுவிட்டார். பிளாட்பாரத்தில் அக்கா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா எங்கடி?"

"மாட்டப் பாத்துக்கிட்டு இருக்காரு."

"மாடு எங்க போயிரப் போகுது?" என்றாள். அது உண்மைதான். பள்ளிக்கூட வாசலில் பொழுதெல்லாம் தனியாக நிற்கிற மாடுகள் அவை. "மாமாகிட்டச் சொல்லு" என்று ஆரம்பித்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. நகராவிட்டாலும் சொல்லியிருப்பாளா என்று தெரியாது.

திரும்பும்போது, "அக்கா ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னா" என்றேன்.

"என்ன?"

"தெரியல."

சரி என்று தலையாட்டினார். முழுச் செய்தியும் வந்து சேர்ந்துவிட்டது மாதிரி. அக்கா உட்கார்கிற இடத்தில் நான் படுத்துக்கொண்டு அழுதேன். வைக்கோலில் அவளுடைய எண்ணெய் வாசனை இருந்தது.

அதன்பிறகு எனக்கு எல்லாமே அந்த மூலை மரம்தான். அது காய்த்தால் அக்கா வருவாள், காய்க்காவிட்டால் வரமாட்டாள். என் கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. தினமும் போய் அண்ணாந்து பார்ப்பேன். குரும்பை உதிர்ந்தால் அக்காவே விழுந்த மாதிரி பதறுவேன். வாய்க்கால் தண்ணீர் அதற்கு எட்டாததால், "மாமா, ரயில் மரத்துக்குத் தண்ணி ஊத்துங்க" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் விடிகாலையிலேயே கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். அதற்கடுத்த நாளும் ஊற்றினார். ஆட்டுப் புழுக்கை கொண்டுவந்து போட்டார், பாத்தி கட்டினார். போகப்போக மற்ற மரங்களைத் தூக்கி அடிக்கிற மாதிரி அது காய்த்தது. "இந்தச் சோப்ளாங்கிக்கு என்ன வந்துச்சு மாப்ள?" என்று அப்பா கேட்டார். மாமா என்னைக் கைகாட்டி, "சின்னவ பிடுங்கல்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் லீவுகளுக்கு அக்கா வந்தாள். சேலை கட்டுகிற விதம் மாறியிருந்தது. வந்த மறுநாள் தோப்புக்குப் போய் அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். மாமா அந்த நாட்களில் வயலில் வேலை என்று போய்விடுவார். பிறகு அவள் டாக்டர் படிப்பில் சேர்ந்தாள், லீவிலும் ஆஸ்பத்திரி வேலை என்று ஆயிற்று. இந்தப் பெரிய லீவுக்கு வரவில்லை என்று ஒருமுறை அப்பாவுக்கு எழுதியிருந்தாள். நான் அழுது முடித்துவிட்டு, இனித் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்வதற்காக மாமாவைத் தேடிப் போனேன். அவர் மரத்தடியில்தான் இருந்தார். கால் குடம் தண்ணீர் மிச்சமிருந்தது.

"அக்கா வரலயாம் மாமா."

"தெரியும்த்தா" என்றார். மிச்சத் தண்ணீரையும் மெதுவாக மரத்தின் வேரில் ஊற்றினார். குடத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுநாளும் அவர் குடத்தோடு போவதைப் பார்த்தேன்.

அக்காவை நினைத்து நான் எவ்வளவு ஏங்குகிறேன் என்பது அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும், அது மாமாவுக்குத்தான், எனக்காகத்தான் இவ்வளவும் செய்கிறார் என்று அந்த வயதில் நான் ரொம்பப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.