சாரிக் கடையில் அடித்த ஷாக்

பண்டாரவளையில் ஒரு சாரிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆடிக் காற்று பலமாக வீசியது. எங்கள் பக்கத்தில் அந்தக் காற்று அடிக்கத் தொடங்கினால் மழை வராது. உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி போட்ட கையோடு காய்ந்துவிடும். எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கும் பூனாகலையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே என் தலைமுடி நாலா பக்கமும் நின்றுகொண்டிருக்கும்.

கடையின் சுவரோரத்தில் உயரமான இரும்பு ராக்கைகளில் சாரிகளை அடுக்கியிருப்போம். தரை முழுக்க நைலோன் கார்ப்பெட். அதில் ரப்பர் செருப்போடு நாள் முழுக்க நடந்து, பொலித்தீன் உறையிலிருந்து சாரியை உருவி விரித்துக் காட்டுவதும் மடித்து வைப்பதும்தான் எங்கள் வேலை. ஒரு நாள் சாரி எடுக்கப் போய் ராக்கையைத் தொட்டபோது விரல் நுனியில் சுளீரென்று அடித்தது. மறுநாளும் அடித்தது. அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. ராக்கையில் கரண்ட் கசிகிறது என்றே நினைத்தேன்.

மற்றவர்களுக்கு அது சின்ன விஷயமாக இருந்திருக்கலாம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லய வீட்டில் மழை ஒழுகி நனைந்த வயரில் அப்பாவின் கை பட்டுவிட்டது. தூக்கி வீசியதில் உயிர் தப்பினார். ஆனால் வலது கை விரல்கள் அதற்குப் பிறகு சரியாக மடங்கவில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க முடியாமல் காவல் வேலைக்கு மாறினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சுவிட்சைக் கையால் தொடுவதில்லை. அம்மா அகப்பைக் காம்பால்தான் தட்டுவார். அப்படி வளர்ந்த எனக்கு அந்த ராக்கைக்குக் கிட்டப் போகவே பயம்.

தோளில் போடும் ஷோலைக் கையில் சுற்றிக்கொண்டு சாரி எடுக்கத் தொடங்கினேன். அப்படி எடுத்தால் சாரி வழுக்கும், நேரமாகும், வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். என்னோடு வேலை செய்த அக்கா ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, நான் பார்க்க வேண்டிய ராக்கையிலிருந்தும் தானே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அவருக்கும் அடிக்கத்தான் செய்தது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு காலையில் முதலாளியிடம் போய் வேலையை விடப்போவதாகச் சொன்னேன்.

முதலாளி பண்டாரவளையில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் வியாபாரி. அதிகம் பேச மாட்டார். ஏன் என்று கேட்டார். ஷாக்கைப் பற்றியும் அப்பாவின் கையைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உடனே போன் போட்டு வயரிங் வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டார். கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் சொல்வோம்.

பாஸ் வந்து ஒவ்வொரு ராக்கையிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எங்குமே லைட் எரியவில்லை. வயரில் ஒரு பழுதும் இல்லை, காய்ந்த காற்றில் நைலோனும் பொலியஸ்டரும் உரசி உரசி உடம்பிலேயே கொஞ்சம் கரண்ட் சேர்ந்துவிடுகிறது, இரும்பைத் தொட்டால் அது பாய்கிறது என்றார். தலை சீவிய சீப்பு கடதாசித் துண்டை இழுப்பதும் இதனால்தானாம். சொன்னது விளங்கியது. ஆனால் பயம் போகவில்லை. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது.

"மெயின ஆஃப் பண்ணிட்டு நான் தொட்டுப் பாக்கணும் மொதலாளி. அப்பவும் அடிச்சா நம்புறேன்," என்றேன்.

ஆவணி முகூர்த்தங்களுக்குத் துணி எடுக்க வந்தவர்களால் கடை நிறைந்திருந்தது. முதலாளி ஒரு முறை கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தானே வாடிக்கையாளர்களிடம் போய், கொஞ்ச நேரம் லைட் இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று காரணத்தையும் சொன்னார். மடுல்சீமையிலிருந்து மகளின் கலியாணத்துக்குச் சாரி எடுக்க வந்த ஓர் அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த மோசமான ரோட்டில் திரும்பிப் போக அவர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவர்தான் முதலில் பேசினார்.

"பாக்கட்டுங்க. புள்ள பயந்துகிட்டு எப்படி வேல செய்யும்? நாங்க உக்காந்திருக்கோம்."

மெயினை அணைத்தார்கள். மின்விசிறிகள் நின்றன. கடையின் உள்பக்கத்தில் ஜன்னல் இல்லாததால் அங்கே இருட்டு. நான் சில சாரிகளை உறையிலிருந்து உருவி விரித்தேன், மடித்தேன், கார்ப்பெட்டில் செருப்பைத் தேய்த்து நடந்து போய் ராக்கையில் விரலை வைத்தேன். படீரென்று நீலமாக ஒரு சின்னப் பொறி பாய்ந்தது. கையை இழுத்துக்கொண்டேன். ஆனால் அழவில்லை. கடையில் கரண்ட் இல்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேனே.

பாஸ் ஒரு சாவியைக் கொடுத்து, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாவி நுனியால் தொடச் சொன்னார். பழையபடி நடந்து போய்த் தொட்டேன். சாவி நுனியில் பொறி தெரிந்தது, விரலில் வலியே இல்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். அக்காவும் சாவியை வாங்கிச் செய்து பார்த்தார்.

"போதுமா மகள்?" என்று முதலாளி கேட்டார்.

"போதுங்க மொதலாளி," என்றேன்.

லைட் வந்ததும் மடுல்சீமை அம்மா விட்ட இடத்திலிருந்து சாரி பார்க்கத் தொடங்கினார். அவருடைய மகளுக்காக அன்று நான் விரித்துக் காட்டியதைப் போல யாருக்கும் நான் விரித்துக் காட்டியதில்லை.

அந்த வாரமே கார்ப்பெட்டைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நின்றோம். காற்றுக் காலத்தில் காலையும் மத்தியானமும் ஈரத் துணியால் தரையைத் துடைத்தோம். கை காயாமல் இருக்கக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்து, சாரியில் படாதபடி துடைத்துக்கொண்டோம். வேலைக்குப் பருத்திச் சட்டை போட்டு வந்தோம். எல்லோர் இடுப்பிலும் ஒரு சாவி தொங்கியது. ஷாக் மிகவும் குறைந்துவிட்டது. எப்போதாவது அடித்தாலும் நான் பயப்படவில்லை.

பாஸ் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்த ஷாக் ஒரு தடவை சுள்ளென்று அடித்து அதோடு முடிந்துவிடும். தொட்ட இடத்தில் விர்ரென்று விடாமல் இருந்தாலோ டெஸ்டர் எரிந்தாலோ அது வேறு, கிட்டேயே போகக்கூடாது. இதை வீட்டில் சொன்னபோது அப்பா, அந்த பாஸை ஒரு நாள் நம் வீட்டுக்கு வரச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூனாகலைக்கு வந்து, பழைய வயர்களைக் கழற்றிப் புதிது போட்டு, கரண்ட் கசிந்தால் தானாகவே அணைந்துவிடும் ட்ரிப் சுவிட்சும் பொருத்திக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டு வயர்களைக் காட்டினார்கள். அவர் சாயங்காலம்வரை இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நான் அந்தக் கடையில் என் கலியாணம்வரை வேலை செய்தேன். கூறைச் சாரியும் அங்கேதான் எடுத்தேன். சாரி எடுத்த அன்று முதலாளியிடம், அந்தக் கூட்டமான நேரத்தில் எனக்காக மெயினை அணைத்ததை மறக்க மாட்டேன் என்று சொன்னேன். அவர் சாரியை மடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்கும் அடிச்சிக்கிட்டுத்தான் இருந்திச்சு மகள். இந்த வயசுல பயமா இருக்குன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன். நீ வந்து சொன்ன."

சாரியைப் பையில் போட்டு, வாசல்வரை வந்து என் கையில் கொடுத்தார்.